தில்லியில் கடல் படித்தவள்

பூங்கோதைக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடி. பத்துப் பன்னிரண்டு வருஷம் நாங்கள் இருவரும் காலையில் ஒரே மெட்ரோவில் வேலைக்குப் போயிருக்கிறோம். இந்தக் கதையில் பாதி, பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள் சொன்னது. மீதி நானே பார்த்தது.

அவள் தில்லியில் பிறந்தவள். அப்பா மத்திய அரசில் உதவியாளர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அங்கிருந்த தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். அதனால் தமிழைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள், எழுதுவாள். இங்கே பிறந்த எங்கள் வயதுக்காரர்களில் அப்படி இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு விலங்கியலில் பி.எஸ்ஸி., இரண்டாம் வகுப்பு. மேலே படிக்க விண்ணப்பம் வாங்கிய வருஷம் அப்பா போய்விட்டார். ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து ஒரு கன்சல்டன்சி கம்பெனியில் சேர்ந்தாள்.

துறைமுகம், மின் நிலையம், ஆலை என்று எதைக் கட்டுவதானாலும் முதலில் அரசிடம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்த இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, கட்டினால் எது கெடும், கெடாமலிருக்க என்ன செய்வார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளைத் தயாரிப்பதுதான் கம்பெனியின் தொழில். பூங்கோதைக்கு அறிக்கை மேஜை. பலரும் அனுப்பும் அத்தியாயங்களை ஒன்றாகக் கோத்து, அட்டவணைகளுக்கு எண் போட்டு, பிழை பார்த்து, அறுநூறு பக்கத்தைப் பைண்டிங்குக்கு அனுப்புவாள்.

கடல் பற்றிய அத்தியாயம் மட்டும் பெரும்பாலும் வராது. அதற்கான நிபுணர் வெளியூரில் இருந்தார். கையெழுத்து மட்டும் வரும். "போன ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துப் போட்டுடுங்க, ஊர்ப் பேரை மாத்திடுங்க" என்று மேலதிகாரி அர்ஜுன் சொல்வார். அவளும் அப்படியே செய்தாள். பத்து வருஷத்துக்கு மேல் செய்தாள். அதில் ஏதோ தப்பு இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்து சாணக்யபுரியில் மாநில விருந்தினர் மாளிகையில் தங்கினால் போய்ப் பார்ப்பதைப் போல, கடலும் எப்போதாவது லீவில் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒன்றாகத்தான் இருந்தது.

2019 செப்டம்பரில் ராமநாதபுரம் கரையில் ஒரு சரக்கு இறங்குதுறைக்கான கோப்பு வந்தது. ஊரில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தின் பதிவும் இரண்டு வாரம் கழித்து வந்தது. நாற்பத்து மூன்று பக்கம், முழுக்கத் தமிழ். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஸ்கேன் பண்ணிக் கடைசியில் சேர்த்துவிட்டால் போதும் என்றார்கள். ஸ்கேன் பண்ணும்போதே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பதினேழாவதாகப் பேசியவள் பெயர் செங்கம்மாள். அவள் சொன்னதை எழுத்தர் அவள் பேச்சிலேயே எழுதியிருந்தார். "நீங்க பாலம் போடுறேங்கிற எடத்துல மாரளவு தண்ணியில தாழை மண்டிக் கெடக்கு. நண்டும் றாலும் அதுலதான் குஞ்சு பொரிக்குது. ஆவுளியா வந்து மேயுது. எங்க பொம்பளைங்க அங்ககூடித்தான் பாசி எடுக்கப் போறோம். இத யாரும் வந்து பாக்கலியே?"

தாழை என்று அந்த ஊரில் கடற்புல்லைச் சொல்கிறார்கள்; ஆவுளியா என்பது கடற்பசு, பாலம் என்றது இறங்குதுறையை. முந்தின வாரம் பூங்கோதை ஒட்டிய அத்தியாயத்தில், "ஆய்வுப் பகுதி வெறும் மணற்பரப்பு, கடற்புல் காணப்படவில்லை" என்று இருந்தது. அந்த வரி வேறொரு மாநிலத்துத் துறைமுக அறிக்கையிலிருந்து வந்தது. எடுத்து ஒட்டியது அவள்தான்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு அர்ஜுன் அறைக்குப் போனாள்.

"சார், நம்ம நாலாவது அத்தியாயம் தப்பு. அங்க புல் இருக்குன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க."

அர்ஜுன் கெட்ட மனிதர் இல்லை. அவள் மகளுக்கு டெங்கு வந்தபோது தன் காரை அனுப்பியவர். இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "கடல்வாழ் உயிரினங்கள் பற்றி மக்கள் கவலை தெரிவித்தார்கள், உரிய கவனம் செலுத்தப்படும்னு ரெண்டு வரி சேர்த்துடுங்க. போதும்."

"ஆனா இருக்கறதை இல்லைன்னு எழுதியிருக்கோமே சார்."

"பூங்கோதை ஜி, இருக்கா இல்லையான்னு சொல்ல நீங்க சயின்டிஸ்ட் இல்லையே. நானும் இல்ல. கையெழுத்துப் போட்டவர் இருக்கார். விடுங்க."

அவள் இரண்டு வரி சேர்த்தாள். அறிக்கை போய்விட்டது. மறுநாள் மெட்ரோவில் இதை என்னிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவர் சொன்னது கரெக்ட். எனக்குத் தெரியாது. பன்னெண்டு வருஷமா கடலைப் பத்தி டைப் அடிக்கறேன், தாழைன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அந்தக் குளிர்காலத்தில்தான் தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் முதுநிலைப் படிப்புக்கு மாலை வகுப்பு இருப்பதைக் கண்டுபிடித்தாள். கடல் சூழலியலும் தாக்க மதிப்பீடும் சேர்ந்த பிரிவு அதில் ஒன்று. வீட்டில் சொன்னாள். கணவர் சாய்ராம் வங்கியில் வேலை பார்க்கிறார், திருச்சிக்காரர், நிதானமான ஆள்.

"கடலா? இங்க எங்க இருக்கு கடல்? யமுனாவே கறுப்பாக் கெடக்கு."

"படிக்கறதுக்கு இங்க கடல் வேண்டாம்."

"அச்சா, படிச்சு?"

"தெரிஞ்சுப்பேன்."

சாய்ராம் வேறு ஏதாவது காரணம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. "சரி, ராத்திரிக்கு ரொட்டி நான் போட்டுடறேன். சாம்பார் மட்டும் காலைலயே வச்சுட்டுப் போயிடு" என்றார்.

முதல் முறை நுழைவுத் தேர்வில் தேறவில்லை. கணக்கும் புள்ளியியலும் காலை வாரிவிட்டன. அதற்குள் ஊரடங்கு வந்தது. வீட்டிலிருந்து வேலை, மீதி நேரத்தில் படிப்பு. சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மகள் ஸ்நேகா ஆன்லைன் வகுப்பில் இருப்பாள், மறுமுனையில் அம்மா சராசரியும் விலக்கமும் போட்டுக்கொண்டிருப்பாள். ஸ்நேகாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆனால் கணக்கில் கெட்டி.

"மா, யே க்யா ஹை, என்ன இது? ஒரே சாம்பிள் வச்சு எப்படி எர்ரர் கண்டுபிடிப்பே? குறைஞ்சது அஞ்சு வேணும்."

"எதுக்குடீ அஞ்சு?"

"ஒருத்தர்கிட்ட கேட்டா அது கதை மா. அஞ்சு பேர்கிட்ட கேட்டாதான் தெரியும்."

2021-ல் இடம் கிடைத்தது. வகுப்பில் பதினெட்டுப் பேர். எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. முதல் வாரமே அவளுக்கு ஆன்ட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாடம் எடுத்த பேராசிரியர் லதா அவளைவிட ஆறு வயது சின்னவள். பூங்கோதை எழுந்து நின்று "மேடம்" என்றால் லதாவுக்குக் கூச்சமாக இருக்கும், உட்காரச் சொல்லிக் கை காட்டுவாள்.

கடல் இல்லாத ஊரில் கடல் ஆய்வு எப்படிக் கற்றுக்கொடுப்பது? லதா அவர்களைப் பல்கலைக்கழகத்துப் புல்வெளிக்கு அழைத்துப் போனாள். ஐம்பது மீட்டர் கயிறு ஒன்றைத் தரையில் இழுத்துக் கட்ட வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் பிளாஸ்டிக் குழாயில் செய்த அரை மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை வகைப் புல், எத்தனை தண்டு, எவ்வளவு மண் வெறுமையாக இருக்கிறது என்று குனிந்து எண்ணி எழுத வேண்டும். கடலடியிலும் இதையேதான் செய்வார்கள். டிசம்பர் மாத ஞாயிறு காலை, மூடுபனி, கையுறை போட்டால் புல்லைப் பிரிக்க முடியாது. ஒரு காவலாளி வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து, "மேடம் ஜி, என்ன தொலைஞ்சு போச்சு? நானும் தேடட்டுமா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் மெட்ரோவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மதிப்பீட்டுப் பாடத்தில் பழைய அறிக்கைகளை எடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் இரண்டு நாள் தேடுவதை அவள் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். எந்தப் பட்டியல் எந்த அறிக்கையிலிருந்து வந்தது, வெப்பநிலை அட்டவணை ஏன் மூன்று மாவட்டத்துக்கும் ஒன்றாக இருக்கிறது என்றெல்லாம். ஒருநாள் லதா, "உங்களுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரியறது?" என்று கேட்டாள்.

"நான்தான் மேடம் ஒட்டுவேன்" என்றாள் பூங்கோதை. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த லதா, வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டாள். அங்கேதான் அவளுடைய ஆய்வுக்கான தலைப்பு முடிவாயிற்று. அதே ஊர், அதே கரை. இறங்குதுறைக்கு அனுமதி கிடைத்திருந்தது, ஆனால் இன்னும் கட்ட ஆரம்பிக்கவில்லை.

சிக்கல் தேதியில் வந்தது. அந்தக் கரையில் வாடைக்காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்து அடி தெரிவது மார்ச்சில். 2023 மார்ச்சில் ஸ்நேகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எங்கள் பிளாக்கில் பெண்கள் கூடிப் பேச அதுவே போதுமாக இருந்தது. பரீட்சை நேரத்தில் பெண்ணை விட்டுவிட்டு எந்த அம்மாவாவது கடலுக்குப் போவாளா? நானும்தான் அப்படி நினைத்தேன், சொல்லவும் செய்தேன். பூங்கோதை டிக்கெட்டை ரத்து செய்யப் போனபோது ஸ்நேகா போனைப் பிடுங்கிக்கொண்டாளாம்.

"பரீட்சை என்னுது. உன்னுது இல்ல. நீ இங்க இருந்தா அஞ்சு மினிட்டுக்கு ஒரு தடவை ரூமுக்குள்ள எட்டிப் பார்ப்பே. ஜா, மா, போ. ப்ளீஸ்."

பதினேழு நாள் விடுப்பில், சென்னை வந்து வண்டி மாறி, ராமநாதபுரம் போய் இறங்கினாள். ஊரில் ஒரு வீட்டு மாடியறையில் தங்கிக்கொண்டு முதலில் செங்கம்மாளைத் தேடினாள். ஐம்பது வயதிருக்கும். பாசி எடுத்துவிட்டுக் கரையேறி, முக்குளிக்கும் கண்ணாடியைக் கழுத்தில் தள்ளிவிட்டு, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு ஆத்தா வந்து எழுதிட்டுப் போயிருக்கிய. எழுதுனதெல்லாம் எங்க போச்சு?" என்றாள் நிமிராமலே.

பூங்கோதை ரயிலில் தயார் செய்து வந்த பேச்சு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டாள்.

"தாழை இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் போச்சில்ல, அதை டைப் பண்ணினது நான்தாங்க."

செங்கம்மாள் நிமிர்ந்தாள். "நீயா எழுதுன?"

"எழுதலை. வேற ஊர் ரிப்போர்ட்லேர்ந்து எடுத்து ஒட்டினேன். நீங்க பேசினதையும் நான்தான் படிச்சேன். ஒண்ணும் பண்ண முடியல."

சுற்றி இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செங்கம்மாள் துணியை முழுக்க அவிழ்த்து, பிழிந்து, பக்கத்தில் வைத்தாள்.

"அன்னைக்கு இருபத்திரண்டு பொம்பளைங்க வேலைக்குப் போகாம வந்து பேசினோம். கலெக்டர் ஆபீசு ஆளுக தலைய ஆட்டுனாக. நாங்களும் நம்பிட்டோம். இப்ப இதச் சொல்லவா அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்த?"

"இல்லீங்க. எண்ணிப் பார்க்க வந்தேன்."

"எத?"

"தாழையை."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். செங்கம்மாள் சிரிக்கவில்லை. "கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்குக் கால விடியவும் வா. கழுத்தளவுக்கு மேல கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அடுத்த பதினோரு நாள் பூங்கோதை கடலில் நின்றாள். முதல் நாள் இடுப்பளவு தண்ணீரிலேயே பயத்தில் கயிற்றைக் கைவிட்டாள். "காலத் தூக்கி வைக்காத, தேச்சுத் தேச்சு நட. திருக்கை கெடந்தா தானா ஓடிரும்" என்றாள் செங்கம்மாள். மூன்றாம் நாள் கண்ணாடி போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டபோது பச்சையாக ஒரு வயல் அசைந்துகொண்டிருந்தது. நாடாவைப் போன்ற நீள இலை ஒரு வகை, நகம் அளவுக்கு வட்ட இலை ஒரு வகை. வேர்ப் பக்கத்தில் பொடி நண்டுகள், கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள். தலையைத் தூக்கி மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே விட்டு, அரை மணி நேரம் எதையும் எண்ணாமல் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொன்னாள்.

பிறகு எண்ணினாள். ஆறு வரிசை, அறுபத்தாறு சதுரம். ஐந்து வகைக் கடற்புல். சராசரியாகத் தரையில் பாதிக்கு மேல் புல். செங்கம்மாள் குழுவில் இருவர் கயிறு பிடித்தார்கள். ஸ்நேகாவின் கணக்குப் பரீட்சை அன்று அவள் கரையேறியபோது போனில் ஒரே ஒரு செய்தி இருந்தது: "பேப்பர் டஃப். ஆனா எல்லாம் போட்டுட்டேன். நீ எத்தனை சதுரம்?"

தில்லி திரும்பி ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். கூடவே அதன் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி செங்கம்மாள் குழுவுக்கு அனுப்பினாள். அவர்கள் அதை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடத்தின் பெயர் தப்பு என்று போனில் திருத்தினார்கள். திருத்திய பிரதியை மனுவோடு சேர்த்து, அனுமதி கொடுத்த துறையிடமே கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, இரண்டு பருவத்திலும் கடலடியைப் புதிதாக ஆராய்ந்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இறங்குதுறை கைவிடப்படவில்லை. கட்டப்படவும் இல்லை. அந்த அளவில் நிற்கிறது.

பட்டம் வாங்கியதும் அர்ஜுன் கேக் வெட்டினார். அடுத்த வாரம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே கடல் அத்தியாயம் உங்களோடது. வெளியில ஆள் தேட வேண்டாம். இதோ ஒரு கோப்பு, பதினஞ்சு நாள்ல வேணும்."

"எப்ப சார் அங்க போறேன்?"

"போறதுக்கு எங்க நேரம்?"

"போகாம எழுத மாட்டேன் சார்."

"நான் உங்களுக்கு மேஜை குடுக்கறேன், பேர் குடுக்கறேன். நீங்க புரிஞ்சுக்கலையே."

"புரியறது சார். என் பேர் வேண்டாம்."

அவர் கத்தவில்லை. கோப்பு வேறொருவருக்குப் போயிற்று. கொடுமை என்னவென்றால், அந்தக் கோப்பு கிடைத்தவர் எழுதிய அத்தியாயம் எண் போட, பிழை பார்க்க, பூங்கோதையின் மேஜைக்கே வந்தது. அவள் செய்துகொடுத்தாள். எட்டு மாதம் அப்படி இருந்துவிட்டு, லதாவின் ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளர் இடம் காலியானதும் விட்டுவிட்டு அங்கே போனாள். சம்பளம் குறைவு, மூன்று வருஷ ஒப்பந்தம். ஸ்நேகா அப்போது கல்லூரியில். சாய்ராமுக்கு இந்த முறை உண்மையிலேயே மனத்தாங்கல் இருந்தது. ஒரு மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "நாப்பத்திநாலு வயசுல பர்மனென்ட் வேலைய விடறாளே" என்று என்னிடம் வந்து சொன்னார். ரொட்டி போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

போன ஜனவரியில் அர்ஜுனிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு கோப்பை அரசின் நிபுணர் குழு திருப்பி அனுப்பிவிட்டதாம். மாதிரி எடுத்த இடங்களின் அளவுக் குறிப்பும் புகைப்படமும் கேட்டிருக்கிறார்கள், அவரிடம் இல்லை.

"ஒரிசா கரை. ரெண்டு சீசன் தரேன். எழுத்துல தரேன். வருவீங்களா?"

"லதா மேடம் மூலமா, பல்கலைக்கழகத்தோட ஒப்பந்தம் போடுங்க. நான் பார்த்தது எதுவோ அதைத்தான் எழுதுவேன். க்ளையன்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

"சொல்லிட்டேன். அதனாலதான் உங்களைக் கேட்கறேன்."

குளிர்காலச் சுற்றுக்குப் போய்விட்டு வந்தாள். சேறும் சதுப்பும் நிறைந்த கரை. புல் கிடையாது. ஆனால் மண்ணில் ஓட்டைக்கு ஓட்டை சிவப்பு நண்டுகள், அவற்றைத் தின்ன வரும் பறவைகள். ஒரு புழுவின் பெயர் தெரியாமல் நான்கு நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுத் தைலத்தைத்தான் கொடுத்தனுப்பினேன்.

இப்போது வெயில் காலச் சுற்று பாக்கி. வேண்டிய தேதிக்கு ரயிலில் இடமில்லை. நேற்று மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கும்போது, அவர்கள் வீட்டு வாசலில் அவளும் சாய்ராமும் ஆளுக்கொரு போனில் தட்கலுக்கு முயன்றுகொண்டிருந்தார்கள். சாய்ராமுக்குத்தான் முதலில் கிடைத்தது. ஸ்லீப்பர், மேல் பெர்த். "கழுத்து வலிக்காரி எப்படி ஏறுவே?" என்று அவர் கேட்டார். அவள் அதற்குள் உள்ளே போய்ச் சதுரச் சட்டத்தைக் கழற்றி எந்தப் பைக்குள் வைப்பது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.